பிள்ளை வாய் திறக்கும் வேளை

"தீராத வயிற்றுவலி" என்றொரு சொற்றொடர் தமிழ்ச் செய்தித்தாள்களில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று தன்னுயிரை மாய்த்துக்கொண்ட செய்தியில், காரணமாகப் பல வேளைகளில் அதுவே நிற்கும். நோய் வயிற்றில் இல்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். நம் வீடுகளிலோ அந்த அளவுக்குக்கூட யாரும் சொல்வதில்லை. ஜனாஸாத் தொழுகைக்கு ஊரார் வருவார்களா, வெளியில் என்ன பேசுவார்கள், வீட்டில் இன்னும் கரையேறாத பெண்பிள்ளைகள் இருக்கிறார்களே என்ற அச்சத்தில் வாய்கள் மூடிக்கொள்கின்றன. பிள்ளை உயிரோடு இருந்தபோதும் அந்த வாய்கள் இப்படித்தான் மூடியிருந்தன. அதுவே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

எங்கள் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தற்கொலைக் கணக்கில் எங்கள் சின்னஞ்சிறு பிரதேசம் பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. 2014ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்கு 10.6 என்று இருந்தபோது, புதுச்சேரியில் 40.4. 2022இல் நாட்டுச் சராசரி 12.4, புதுச்சேரியில் 29.7. குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆயினும் நாட்டுச் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! அதே 2022இல் இந்தியா முழுவதிலும் மாணவ மாணவியர் மட்டும் 13,044 பேர் இவ்வாறு மாண்டனர். எண்களை இதற்குமேல் அடுக்குவதில் பயனில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிழைத்த கதையைச் சொல்கிறேன். அவனும் அவன் தாயும் மனமொப்பிச் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர்கள் மட்டும் வேண்டாம்.

அவன் என் தங்கையின் மகன். அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவனுடைய வாப்பா சவூதியில் வேலை பார்க்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை. அஸருக்குப் பிறகு கடற்கரையில் பந்து விளையாடப் போய்விடுவான். மாடியில் புறா வளர்த்தான். அந்த ஆண்டு மழைக்காலத்தில் பந்தாட்டம் நின்றது. உணவு குறைந்தது. இரவெல்லாம் விழித்திருந்து பஜ்ருக்குப் பிறகு உறங்கினான். இவற்றையெல்லாம் வயதுக் கோளாறு என்று தள்ளிவிடலாம், தள்ளித்தான் விடுகிறோம். ஆனால் ஒருநாள் புறாக்களைக் கூண்டோடு பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தான். ஏனென்று கேட்ட பாட்டியாரிடம், "இனிமே யாரு பாத்துக்குவா?" என்றானாம். பிறிதொரு நாள் கட்டணத்துக்குப் பணம் எண்ணிக் கொடுத்த தாயிடம், "நான் இல்லாட்டி வாப்பாவுக்கு இந்தச் செலவு மிச்சம்" என்றிருக்கிறான்.

இளம்பருவத்தில் எந்தப் பிள்ளைதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை? கோபம் காலையில் வரும், மாலையில் பிரியாணி வாசனைக்குக் கரையும். அதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வு, முன்பு விரும்பியவற்றில் எதிலும் மனம் செல்லாமை, உறக்கமும் உணவும் மாறிப்போதல், தான் பிறருக்குச் சுமை என்ற பேச்சு, அருமையாகப் பேணிய பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவை ஒன்றுகூடினால் அது வயதுக் கோளாறு அன்று. சுனாமிக்குப் பிறகு ஆசிரியர்களுக்கு நடந்த மனநலப் பயிற்சி வகுப்பு ஒன்றில் நான் இதைக் கேட்டிருந்தேன். தங்கை தொலைபேசியில் சொன்னபோது அது நினைவுக்கு வந்தது.

"லாத்தா, இவன் போக்கு எனக்குச் சரியாப் படலை. நீங்க ஒருவாட்டி வந்து பேசிப் பாருங்களேன்" என்றாள்.

"நான் பேசுறதைவிட நீ கேக்குறதுதான் நல்லது. சுத்தி வளைக்காதே. செத்துப் போகணும்னு நினைப்பு வருதான்னு நேராவே கேளு" என்றேன்.

அவள் நடுங்கிப்போனாள். "அப்படிக் கேட்டா, இல்லாத நினைப்பை நானே அவன் மண்டையில போட்ட மாதிரி ஆயிடாதா?"

பெற்றோரில் பத்துக்கு ஒன்பது பேர் இதைத்தான் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்பதே மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து கண்ட முடிவு. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஏற்கனவே அந்த எண்ணத்தோடு தனியாகப் போராடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, இதைப் பற்றி இந்த வீட்டில் பேசலாம் என்ற அனுமதியாகவே அக்கேள்வி போய்ச் சேருகிறது. "தப்பா ஒண்ணும் நினைக்கலியே?" என்று கேட்டால் "இல்லை" என்ற விடைதான் வரும். அந்த விடையைத்தான் நாம் விரும்புகிறோம் என்பதைக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடுகிறது அல்லவா?

அன்று இஷாவுக்குப் பிறகு மாடியில் அவன் தனியாக இருந்தபோது தங்கை போய் அருகில் அமர்ந்தாள். நான் கீழே பாட்டியாருடன் இருந்தேன். பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். "வாப்பா, செத்துப் போயிடலாம்னு உனக்குத் தோணுதா?" என்று கேட்டிருக்கிறாள். நெடுநேரம் விடையில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டே, "கொஞ்ச நாளாத் தோணுது உம்மா" என்றிருக்கிறான்.

ஒரு தாய்க்கு அந்தக் கணம் எப்படி இருந்திருக்கும்! அவள் அலறவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. "என்கிட்ட சொன்னியே வாப்பா, அதுவே பெருசு" என்று கையைப் பற்றிக்கொண்டாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். எப்போது அதிகமாகத் தோன்றுகிறது என்று கேட்டாள். ஏதாவது செய்ய வேண்டுமென்று முடிவு எடுத்திருக்கிறானா, அதற்காக எதையாவது எடுத்து வைத்திருக்கிறானா என்றும் கேட்டாள். இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. நினைப்பு மட்டும் இருக்கும் பிள்ளைக்கும், வழியைத் தேடி வைத்துக்கொண்ட பிள்ளைக்கும் ஆபத்தின் அளவு வேறு. இரண்டாவது பிள்ளையை ஒரு நிமிடமும் தனியே விடலாகாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இவன் முதல் வகை என்று பேச்சில் தெரிந்தது. ஆயினும் அன்றிரவே தங்கை தன் பாயை அவன் அறையில் விரித்தாள்.

"ஹராம்" என்ற சொல்லை அவள் அன்று உச்சரிக்கவில்லை. இதைச் சிலர் குறையாகக் கருதலாம். தன்னுயிரை மாய்த்துக்கொள்வது ஹராம் என்பதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனால் அது அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா? ஐந்து வயதிலிருந்து மதரஸாவில் ஓதிய பிள்ளை. தெரிந்திருந்தும் நினைப்பு வருகிறதே என்று, அல்லாஹ்வின் முன் குற்றவாளியாகவே அவன் ஏற்கனவே நின்றுகொண்டிருக்கிறான். நாமும் அதே தீர்ப்பை உரக்கப் படித்தால் அவன் திருந்துவதில்லை, வாயை மூடிக்கொள்கிறான்.

அன்னை மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! பேறுகால வேதனையும் ஊராரின் பழிச்சொல் பற்றிய அச்சமும் சேர்ந்து வருத்த, பேரீச்ச மரத்தடியில் தனித்திருந்த அந்தத் தூய பெண்மணி, இதற்கு முன்பே தாம் இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று ஏங்கியதைத் திருக்குர்ஆன் மறைக்காமல் சொல்கிறது. அந்த ஏக்கத்துக்குக் கிடைத்த மறுமொழியைக் கவனியுங்கள். கண்டனம் வரவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. காலடியில் நீரோடை வந்தது. மரத்தை அசைத்தால் உதிரும் கனிந்த பேரீச்சம்பழம் வந்தது. உண்ணவும் பருகவும் கண் குளிரவும் சொல்லப்பட்டது. ஊராருக்கு விடை சொல்லும் பாரமும் அன்று அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. மனம் உடைந்த ஒரு பிள்ளையிடம் முதல் நாளில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை. யஃகூப் (அலை) அவர்கள் மகனை எண்ணி அழுது கண்களே வெளுத்துப்போனார்கள் என்பதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. துயரம் ஈமானின் குறைவு என்று எவர் சொன்னார்?

மறுநாள் சவூதிக்குச் செய்தி போனது. "தொழுகையை விட்டிருப்பான், அதான்" என்றார் மச்சான் முதலில். பிறகு, "நான் இந்த வெயில்ல யாருக்காகக் கிடக்குறேன்?" என்றார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆயிரம் காதங்களுக்கு அப்பால் கையாலாகாமல் நிற்கும் தகப்பனின் அச்சம் அப்படித்தான் கோபமாக வெளிவரும். ஆனால் இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் சற்றே யோசிக்க வேண்டும். பிரான்சிலும் வளைகுடாவிலும் உழைக்கும் ஆண்களின் பணத்தில் அடுப்பெரியும் வீடுகள் இங்கே ஏராளம். வாப்பாவின் வியர்வையைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். நன்றியுணர்வுக்காகச் சொல்வது நாளடைவில் கடன் சீட்டாகிவிடுகிறது. இவன் கதையில் நடந்ததும் அதுவே. நீட் தேர்வுப் பயிற்சிக்கு வாப்பா கடன் வாங்கிப் பணம் கட்டியிருந்தார். பயிற்சியின் மாதத் தேர்வுகளில் இவன் தொடர்ந்து பின்தங்கினான், தாளை மறைத்தான். அந்தக் கடனைத் தன்னால் அடைக்கவே முடியாது, தான் இல்லாமற் போவதே கணக்கைத் தீர்க்கும் வழி என்று பதினாறு வயதுப் புத்தி முடிவு கட்டியிருந்தது.

மூன்றாம் நாள் மச்சான் மகனோடு பேசினார். சாப்பிட்டாயா என்று தொடங்கி, தாம் முதன்முதலில் வெளிநாடு போன ஆண்டில் அறையில் தனியாக அழுத கதையைச் சொன்னாராம். டாக்டர் ஆகாவிட்டால் என்ன, நீ இருந்தால் போதும் என்றாராம். அந்தத் தொலைபேசிப் பேச்சை அவன் இன்றும் நினைவுகூர்கிறான்.

இடையில் பாட்டியார் ஒன்று செய்யப் பார்த்தார். முஸ்ஹபைக் கொண்டுவந்து, அதன்மேல் கைவைத்து இனி அப்படி நினைக்கமாட்டேன் என்று சத்தியம் செய் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் தடுத்துவிட்டேன். நினைப்பு என்பது பிள்ளை அழைத்து வருவதா? அது தானாக வருவது. சத்தியம் செய்த மறுவாரம் அந்த எண்ணம் மீண்டும் வந்தால், சத்தியத்தை முறித்த பாவமும் சேர்ந்துகொள்ளும். யாரிடமும் சொல்ல மாட்டான். சத்தியத்துக்குப் பதிலாக ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். எண்ணம் வலுத்தால் எந்த நேரமானாலும் தாயை எழுப்ப வேண்டும். தாய் இல்லையென்றால் எனக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். அவ்வளவுதான். இரண்டுமுறை இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பினான். பெரிதாக எதுவும் பேசவில்லை. ஒருமுறை கிரிக்கெட்டைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினான்.

வீட்டில் செய்த இன்னொரு காரியம் சிறியதாகத் தோன்றும். கொல்லையில் இருந்த எலி மருந்து, தோட்டத்துக்கு வாங்கிய பூச்சி மருந்து, பாட்டியாரின் நீரிழிவு மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை அனைத்தையும் ஒரு பையில் கட்டி என் வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டி வைத்தோம். பாட்டியாருக்கு அன்றன்றைய மாத்திரை மட்டும் போகும். "செய்யணும்னு நினைச்சவன் வேற வழி தேடமாட்டானா?" என்று உறவினர் ஒருவர் சிரித்தார். அனைவரும் சொல்வதுதான், ஆனால் உண்மை அப்படியில்லை.

நமக்கு அக்கரையில் உள்ள இலங்கையைப் பாருங்கள். 1995இல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று அது. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிக்கொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டுகளில் அந்நாட்டு மக்களுக்குத் துயரம் குறைந்ததா என்ன? 2009 வரை போர் நடந்தது. 2004இல் சுனாமியும் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லை என்பதே பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. நம் பக்கத்திலும் சான்று உண்டு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், வங்கிப் பெட்டகம்போலப் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகள் அமைத்து, விவசாயிகள் பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைக்கச் செய்தனர் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும். அக்கிராமங்களில் தற்கொலை குறைந்ததை 2013இல் வெளியிட்டனர். அந்தக் கொடிய வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணிகளோதான் உச்சத்தில் நிற்கிறது. அந்த நேரம் கடந்தால் பிள்ளை நம்முடையது.

மருத்துவரிடம் போவதில்தான் நம் வீடுகள் தயங்குகின்றன. நஜ்ரு பட்டிருக்கும், நாகூருக்கு அழைத்துப்போய் ஓதிப் பார்க்கலாம் என்றார்கள். போகட்டும், ஓதட்டும், துஆவைத் தடுக்க நான் யார்? ஆனால் சர்க்கரை வியாதிக்கு ஓதிக்கொண்டே மருந்தும் சாப்பிடுகிறோமே! மனச்சோர்வும் நோய்தான். காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. இவனுக்கு மருத்துவர் முதலில் பேச்சு வழிச் சிகிச்சையைத் தொடங்கி, பிறகு மாத்திரையும் கொடுத்தார். மாத்திரையின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும். "ஒரு வாரம் ஆச்சு, ஒண்ணும் காணோம்" என்று நிறுத்திவிடக் கூடாது. முகம் தெளிந்தவுடன் தானாக நிறுத்துவதும் கூடாது. தொடக்க வாரங்களிலும், சற்றே தெம்பு வந்த நாட்களிலும் கண்காணிப்பைத் தளர்த்தாதீர்கள் என்று அவர் அழுத்திச் சொன்னார்.

மருத்துவமனைக்கே போகத் துணிவு வராதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்நேகா'வின் எண் 044-24640050. பெற்றோரும் அழைத்து ஆலோசனை கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. போலீஸ் வழக்கு வரும் என்ற அச்சமும் இனி வேண்டியதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அது 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ளது.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளைகள் இப்படி மாடியில் தனியாக உட்கார்ந்திருப்பதில்லை. அவர்களுடைய சோர்வு சமையற்கட்டில் மறைந்துவிடுகிறது. படிப்பை நிறுத்திய பெண், விருப்பமில்லாத சம்பந்தம் பேசப்படும் பெண், கைப்பேசியில் எவனோ மிரட்டுவதை வெளியில் சொல்ல முடியாத பெண் ஆகியோர் வேலையைச் செய்துகொண்டேதான் இருப்பார்கள். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால்?" என்பதற்காக அவர்களை மருத்துவரிடம் காட்டாமல் விடுவது கொடுமை. மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் நாள் வர வேண்டுமானால் பெண் உயிரோடு இருக்க வேண்டாமா?

மையித்து வீட்டில் நம் ஜமாஅத்துகள் நடந்துகொள்ளும் முறையிலும் மாற்றம் தேவை. துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களோடு மதீனா வந்த ஒருவர் நோயின் வேதனை தாளாமல் தம் உயிர் பிரியத் தாமே காரணமானார். அவருக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாவமன்னிப்புக் கேட்டு துஆச் செய்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இதைக் குத்பாவில் ஓர் ஆலிம் எடுத்துச் சொன்னால், பிள்ளையை இழந்த வீட்டாருக்குத் தலைநிமிர ஓர் இடம் கிடைக்கும். பிள்ளையைக் காத்துக்கொண்டிருக்கும் வீட்டார்க்கும் வாய் திறக்கத் துணிவு வரும்.

என் தங்கைக்கு அந்த மூன்று மாதங்கள் உறக்கமில்லை. அவளை யார் பார்த்துக்கொள்வது? காவலிருக்கும் தாய் உடைந்துவிட்டால் வீடே உடையும். நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். வெள்ளி, சனி இரவுகளில் நான் போய்ப் படுத்தேன். பக்கத்துத் தெரு மாமி ஒருவர், காரணத்தைக் கேட்காமலேயே வாரம் இருமுறை சோறாக்கி அனுப்பினார். சின்னச் சாச்சா மாலையில் அவனை அரசலாற்றுப் பாலம்வரை நடக்க அழைத்துப்போனார். போகும் வழியில் பேச வேண்டாம், நடந்தால் போதும் என்று சொல்லியிருந்தோம். நான்காவது மாதத்தில் ஒருநாள் தங்கை பகலில் மூன்று மணி நேரம் அயர்ந்து தூங்கினாள். அவளை எழுப்பாதீர்கள் என்று அவன்தான் வாசலில் உட்கார்ந்து வருவோரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.